கடைசி வரிசை மைக்

காலை வேளையில் அந்த மருத்துவமனையின் கீழ்த்தளக் கூடத்தில் காது கொடுக்க முடியாது. டோக்கன் எண்ணைக் கூவும் இயந்திரம் ஒரு பக்கம், சக்கர நாற்காலிகளின் கிறீச் ஒரு பக்கம், எனக்கு முன்னால் நீ எப்படிப் போகலாம் என்ற வழக்கு ஒரு பக்கம். ஆனால் அன்றைக்கு அந்தக் கூடமே வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தது. டோக்கனைத் தொலைத்துவிட்ட ஆசாமிகூடச் சண்டைக்குப் போகாமல் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கூரையில் பதித்த ஸ்பீக்கர்களிலிருந்து என்னவோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பாட்டு என்று சொல்ல முடியாது. வெறும் சத்தம் என்று தள்ளிவிடவும் முடியாது. எங்கோ தண்ணீர் நகர்வது மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல், யாரோ கதவைப் பதமாகச் சாத்தும் ஓசை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் விட்டு விட்டு ஒரு தட்டல். டொக் டொக்… டொக் டொக். அந்தத் தட்டல்தான் வந்தவர்களை உட்காரவைத்தது.

இதை உண்டாக்கியவள் தூணோரம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒலிக்காரி என்று சொந்தக்காரர்கள் கேலியாக வைத்த பெயர், அதுவே நிலைத்துவிட்டது. பொது இடங்களுக்கு ஒலி அமைப்பது அவள் தொழில். நூலகமோ சுரங்கப்பாதையோ, அந்த இடத்தின் சத்தத்தையே பிடித்து, அலசிப் பிழிந்து, மனிதன் கேட்கிற மாதிரி ஆக்கி, அந்த இடத்துக்கே திருப்பிக் கொடுப்பாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டுவிட்டால் கோபம் மூக்குக்கு மேல் வரும். கேட்டவர் தும்மினால்கூட அது எந்தச் சுவரில் பட்டுத் திரும்புகிறது என்று சொல்லக்கூடியவள் அவள். அப்படிப்பட்ட காது. அந்தக் காதின் லட்சணத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறோம்.

தலைமை மருத்துவர் உச்சி குளிர்ந்துபோய் அவளிடம் வந்தார். "அந்தத் தட்டுற சத்தத்தை எங்கேம்மா பிடிச்சீங்க? இதயத் துடிப்பு மாதிரியே இருக்கு."

"இங்கேதான் சார். கடைசி வரிசையில ஒரு நாற்காலிக்கு அடியில வச்ச மைக்ல கிடைச்சது. யாரோ ஒருத்தர் தினம் தினம் வந்து உட்கார்ந்து கைப்பிடியில தட்டியிருக்கார். யாருன்னு தெரியாது."

"தெரியவும் கூடாது," என்றார் மருத்துவர்.

அதுதான் மருத்துவமனை போட்ட ஒரே நிபந்தனை. நாற்காலிகளுக்கு அடியில் மைக் வைத்துக்கொள்ளலாம், சத்தத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளிகள் பேசும் ஒரு சொல்கூட யார் காதிலும் விழக்கூடாது. ஒலிக்காரி அதற்கும் ஒரு படி மேலே போனாள். பதிவுகள் தன் காதுக்கு வருவதற்கு முன்பே மனிதக் குரலை மொத்தமாக உருவி எறிந்துவிடும் ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டாள். பேச்சு போய்விடும், மற்றது தங்கும். அதற்குப் பிறகு மூலப் பதிவை மருத்துவமனை எலக்ட்ரீஷியன் அழித்துவிடுவார். நானே கேட்டதில்லை என்று போகிற கூட்டத்தில் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். தொழிலில் அவ்வளவு சுத்தம்.

மருத்துவர் நகர்ந்ததும்தான் அண்ணியைப் பார்த்தாள். கையில் பிளாஸ்க், தோளில் மருந்துக் கடைப் பை, வாசலுக்கு உள்ளே நாலடி வந்தவள் அப்படியே நின்றிருந்தாள். ஒலிக்காரிக்கு ஆச்சரியம். வரச்சொல்லி அழைத்தது உண்மைதான், ஆனால் வருவாள் என்று எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச காலமாக அண்ணி போனில் ஒரு வார்த்தைக்கு அரை வார்த்தை பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன மனத்தாங்கலோ, வேலை முடியட்டும், நேரில் போய்ச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று இவளும் விட்டுவிட்டாள்.

அண்ணனும் பேசுவதில்லை. இதைத்தான் நம்ப முடியாது, ஏனென்றால் அண்ணனுக்கு வீட்டில் பெயரே ரேடியோ. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன், நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கத்துகிறவன், வீட்டுக்கு வந்த பிறகாவது வாயை மூடுவானா என்றால் அதுவும் கிடையாது. சாப்பிடும்போது பேசுவான், பல் தேய்க்கும்போது பேசுவான். ஒலிக்காரி ரெக்கார்டரை எடுத்தாலே முதல் வேலையாக உதட்டில் விரலை வைத்து, "அண்ணா, கொஞ்சம் சும்மா இரேன்," என்பாள். நாற்பது வயதாகியும் அவளைப் பாப்பா என்று கூப்பிடுகிற அண்ணனிடம் வாழ்நாள் முழுக்க அவள் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். அந்த ரேடியோவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது. 'ரேடியோ ரிப்பேரா? ஊருக்கே நிம்மதி' என்று இவள் பதில் அனுப்பினாள். அதற்கு மறுபதில் வரவில்லை. வேலை நெருக்கடியில், போன் மணி அடிக்காததே பெரிய உபகாரமாக இருந்தது அவளுக்கு.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் ஒலிக்காரியின் கையை இழுத்துத் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர்.

"என்னை மன்னிச்சுக்கோ பாப்பா. உன்னை நான் வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்."

"எப்ப அண்ணி? எதுக்கு?"

"மனசுக்குள்ளதான். எல்லாத்தையும் கேட்டுட்டு இத்தனை நாளா எட்டிக்கூடப் பார்க்கலையே, இவளும் ஒரு தங்கச்சியான்னு. இப்பத்தானே புரியுது. உன்னால வாயைத் திறந்து பேச முடியல. அதனாலதான் அவர் தட்டினதை எடுத்து இத்தனை பேர் கேட்கிற மாதிரி போட்டிருக்கே."

"யார் தட்டினது?"

அண்ணி அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "நல்லா கேட்கிற போ. உன் அண்ணன் கையை எனக்குத் தெரியாதா? சாப்பாட்டு மேஜையில இதே தட்டு, பாத்ரூம் கதவுல இதே தட்டு. கல்யாணமான நாள்லேர்ந்து கேட்கிறேன்."

ஒலிக்காரி கூரையை அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஸ்பீக்கர் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தது. டொக் டொக்… டொக் டொக். இரண்டு தட்டினால் பிரேக். ஒன்று தட்டினால் வண்டியை எடு. அண்ணன் மாணவர்களுக்கு வைத்திருந்த சட்டம் அது. கத்தினால் பயந்துவிடுகிறார்கள் என்று விரல் முட்டியால் டாஷ்போர்டில் தட்டுவான். அவளும் அந்தத் தட்டுக்கு அழுதுகொண்டேதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். அந்தத் தட்டை வாரக்கணக்கில் ஹெட்போனில் போட்டுக் கேட்டாள், வேகத்தைக் குறைத்தாள், கனம் ஏற்றினாள், அதைச் சுற்றியே மொத்த வேலையையும் கட்டினாள். யாருடையது என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. வீட்டு ஃபிரிட்ஜின் உறுமல் நம் காதில் விழாமல் போவது மாதிரி, அண்ணனும் அவள் காதில் விழாமல் போயிருந்தான்.

அண்ணன் இங்கே எதற்கு வந்தான் என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அண்ணியே பேச ஆரம்பித்துவிட்டாள். அடைத்துக் கிடந்தது எல்லாம் மடை திறந்து வந்தது.

"ரேடியேஷனுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் என்னைக் காபி வாங்கிட்டு வான்னு துரத்திட்டு, நேரா அந்தக் கடைசி வரிசைக்குப் போயிடுவார். குனிஞ்சு குனிஞ்சு பேசுவார். பக்கத்துல இருக்கிறவங்க, ஐயோ பாவம், புத்தி கலங்கிடுச்சு போலன்னு எழுந்து போயிடுவாங்க. நான் கேட்டா, 'பாப்பாவோட மைக் இங்கேதான் இருக்கு. நேர்ல சொல்ல எனக்கு வாய் வராது. இதுல சொன்னா அவ நிதானமாக் கேட்பா'ன்னார்."

மைக் எந்த நாற்காலிக்கு அடியில் இருக்கிறது என்று அண்ணனிடம் சொன்னதே அவள்தான். சும்மா பீற்றிக்கொள்வதற்காகச் சொன்னாள், பேச்சு அதில் தங்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. ரேடியேஷன் என்ற சொல் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆபரேஷன் முடிஞ்சு இப்போ வார்டுக்கு மாத்திட்டாங்க," என்றாள் அண்ணி. "அஞ்சாவது மாடி. குரல்வளையை முழுசா எடுக்க வேண்டியதாப் போச்சு. அதான் அவரே உன்கிட்ட சொல்லியிருப்பாரே. இனிமே பேச்சு கிடையாதுன்னு தெரிஞ்சுதானே அப்படிப் பேசித் தீர்த்தார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "வா, மேல போலாம். கீழ போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுன்னு என்னை அனுப்பினதே அவர்தான்."

குரல்வளை. முழுசா. அண்ணி அதைத் தெரிந்த செய்தியாகச் சொல்லிவிட்டுப் போகிறாள், இவள் தெரிந்தவளைப் போலத் தலையாட்டுகிறாள். தலை ஏன் ஆடுகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை.

"ஒரு நிமிஷம் அண்ணி. இதோ வந்துடறேன்."

ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த எலக்ட்ரீஷியனிடம் ஓடினாள். "அந்தக் கடைசி வரிசை மைக்கோட மெமரி கார்டு எங்கே இருக்கு?"

"இருக்கும்மா, அலமாரியில."

"அதுல பழைய பதிவு ஏதாவது மிச்சம் இருக்குமா? பேச்சோட இருக்கிற பதிவு?"

அவர் சிரித்தார். நல்ல மனிதர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். "என்னம்மா சோதிச்சுப் பார்க்கறீங்களா? அன்னன்னிக்கு அழிச்சதும் அதுமேல வெறும் இரைச்சலைப் பதிஞ்சு, மறுபடியும் அழிச்சுட்டேன். நீங்க சொன்ன மாதிரியேதான். எந்தக் கொம்பன் வந்தாலும் எடுக்க முடியாது."

நீங்க சொன்ன மாதிரியே. அவள் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

லிஃப்டில் அண்ணி ஓயாமல் பேசினாள். இத்தனை வருஷம் பக்கத்தில் ஒரு ரேடியோ ஓடிக்கொண்டிருந்ததால் அண்ணிக்குப் பேச இடமே கிடைத்ததில்லை போலிருக்கிறது. "இன்னிக்குக் காலையில என் போனைத் தேடிப் பார்த்தேன் பாப்பா, அவர் குரல் எதுலயாவது இருக்கான்னு. எல்லாம் பாரேன், 'கேட்டைத் திற', 'சாவி எங்கே வச்சே', 'வந்துட்டேன், வந்துட்டேன்'. அவ்வளவுதான். வருஷம் பூரா பேசின மனுஷன், ஒருத்தராவது உட்கார்த்தி வச்சுப் பிடிச்சோமா? யாருக்குத் தோணிச்சு? உன்கிட்டயாவது இருக்கே. அது போதும்."

ஒலிக்காரி லிஃப்டின் எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது சொல்லிவிடலாம். மூன்று. சொல்லியே ஆக வேண்டும். நான்கு. ஐந்து. கதவு திறந்துகொண்டது.

அண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக இருந்தான். மூக்கில் ஒரு குழாய், கழுத்தில் ஒரு ஓட்டை, ஓட்டையில் இன்னொரு குழாய். மூச்சு அங்கே வந்து போய்க்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் கண் விரிந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தவளைக் கட்டில் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி நிறுத்தினான். டொக் டொக். பிரேக். குழாய்களைச் சுட்டிக் காட்டினான். அவள் அங்கேயே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவன் கையை நீட்டித் தரையைக் காட்டினான், பிறகு தன் காதைத் தொட்டுப் புருவத்தை உயர்த்தினான். கேட்டாயா?

"கேட்டாளான்னா கேட்கறீங்க? கூடம் முழுக்க உங்க கைதான்," என்று அண்ணி முந்திக்கொண்டாள். "நீங்க தட்டினதை எடுத்து ஸ்பீக்கர்ல போட்டிருக்கா. அவனவன் டாக்டரை மறந்துட்டு அதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

அண்ணன் முகம் மலர்ந்தது. வார்டில் கொடுத்திருந்த சிலேட்டை எடுத்துக் கிறுக்கி அவளிடம் திருப்பினான். 'பத்திரமா இருக்கா?'

எது என்று அவளுக்குத் தெரியாது. அவன் என்ன சொன்னான், என்ன கேட்டான், எதைப் பத்திரமாக வைக்கச் சொன்னான், ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் சொல்லத் தைரியம் வரவில்லை.

"இருக்குண்ணா," என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். பெரிய பாரத்தை இறக்கிவைத்தவன் மாதிரி தலையணையில் சாய்ந்தான். பிறகு சிலேட்டைத் துடைத்து நிதானமாக எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

'என் குரல் இனி உங்கிட்டதான். அண்ணிக்கும் சேத்துதான் பேசி வச்சேன். இப்ப அவளுக்குப் போட்டுக் காட்டு.'

அண்ணி எட்டிப் படித்தாள். படித்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். முகத்தைத் துடைத்து, முன் முடியைக்கூட ஒதுக்கிக்கொண்டாள். கேட்பதற்குத் தயாராகிவிட்டாள்.

அவன் தன்னிடம் நோயைச் சொல்ல வந்ததாக அல்லவா ஒலிக்காரி நினைத்திருந்தாள். அவன் குரலைக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறான். போகப்போகிற குரலை, அது போவதற்குள், உலகத்திலேயே அதைக் காப்பாற்றத் தெரிந்த ஆள் என்று நம்பி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய மைக்கில் கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். அவள் அந்தக் குரலை மட்டும் குறிவைத்து உருவி எறிந்துவிட்டு, அவன் விரலை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"போன்ல இருக்கா பாப்பா?" என்றாள் அண்ணி. "இல்ல வேற எதுலயாவதா?"

"அண்ணி."

"மெதுவா எடு. ஒண்ணும் அவசரமில்ல."

"அண்ணி, நான் கேட்கவே இல்ல." எப்படியோ வாய் திறந்துகொண்டது, திறந்தபின் நிற்கவில்லை. "அண்ணன் பேசினது என் காதுக்கே வரல. பேச்செல்லாம் தானா அழிஞ்சுடும். நான்தான் அப்படிப் பண்ணி வச்சேன். நோயாளிங்க பேசறதை யாரும் கேட்கக்கூடாதுன்னு. தட்டினது மட்டும்தான் மிஞ்சிச்சு. அது அண்ணன்னுகூட எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரியும். அண்ணனுக்கு உடம்பு சரியில்லன்னே இப்ப கீழ நிக்கிறப்பதான் தெரியும். எதுவும் இல்லண்ணா. ஒரு வார்த்தைகூட இல்ல. எலக்ட்ரீஷியன்கிட்டயும் கேட்டுட்டேன்."

அண்ணி அசையவில்லை. கோத்த கை கோத்தபடி இருந்தது. "ஒரு வார்த்தைகூடவா?" என்று மட்டும் கேட்டாள், மிகவும் மெல்ல. அதற்குப் பதில் அவள் திட்டியிருக்கலாம், கையை ஓங்கியிருந்தால்கூடத் தேவலை.

அறையில் அண்ணனின் மூச்சு மட்டும் கேட்டது. கழுத்துக் குழாயில் காற்று நுழையும்போது ஒரு சின்ன விசில், வெளியேறும்போது ஈரமாக ஒரு உரசல். மூச்சுச் சத்தம் அவளுடைய தொழிலில் குப்பை, முதலில் வெட்டி எறிவது அதைத்தான். அவள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் சிலேட்டைப் பார்த்தான். தான் எழுதியதை உள்ளங்கையால் துடைத்தான். முழுக்கத் துடைபடவில்லை, மறுபடியும் துடைத்தான்.

"அண்ணா, ஏதாவது எழுதுண்ணா. திட்டி எழுது. என்ன பேசினேன்னாவது எழுது, நான் படிச்சுக்கிறேன்."

அவன் எழுதவில்லை. எழுதுகோலைச் சிலேட்டின் மேல் வைத்து இரண்டையும் ஓரமாகத் தள்ளினான்.

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவள் கை எப்போதும் செய்கிற காரியத்தை இப்போதும் செய்தது. பையைத் திறந்து ரெக்கார்டரை வெளியே எடுத்தது. சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. "பேசுண்ணா," என்றாள். பிறந்ததிலிருந்து அவனிடம் யாருமே சொல்லியிராத சொல் அது. சொல்ல வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை.

அண்ணன் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின் மேல் குறுக்காக வைத்தான். வாழ்நாள் முழுக்க அவள் அவனுக்குக் காட்டிய அதே சைகை.

அவன் கேலி செய்கிறானா, கோபமாகச் சொல்கிறானா, போனால் போகிறது அழாதே என்கிறானா, அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. உற்று உற்றுப் பார்த்தாள். முகத்தைப் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அவளுக்கு என்றைக்கும் இருந்ததில்லை. குரலைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.